வெளியூர் மாடத்தின் வாசலில்

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் ஒரு சனிக்கிழமை. பிற்பகல் 3 மணிக்குக் கால்பந்து ஆட்டம். இப்போது மணி 2:40. நெடுஞ்சாலையில் நெரிசல். அதனால் வெளியூர் ரசிகர்களை ஏற்றிக்கொண்டு வந்த 20 பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக இப்போதுதான் வந்து நிற்கின்றன. பேருந்துக்கு 50 பேர் என்றால் மொத்தம் 1,000 பேர். அவர்களுக்கு எதிரே 4 சுழல்கதவுகள். அதற்கு முன்னால் ஒவ்வொருவரையும் சோதித்து அனுப்ப, மஞ்சள் மேலங்கி போட்ட ஸ்டூவர்டுகள், அதாவது மைதானத்தில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் பணியாளர்கள், 6 பேர். அடுத்த 20 நிமிடத்தில் அந்த வாசலில் என்ன நடக்கும் என்று முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பிரிட்டனில் மைதானப் பாதுகாப்புக்கு ஒரு வழிகாட்டி நூல் உண்டு. அட்டையின் நிறத்தை வைத்துப் பச்சை வழிகாட்டி என்று சொல்வார்கள். 1973-இல் முதலில் வந்தது. ஆறாம் பதிப்பு 2018-இல் வந்தது. ஒரு சுழல்கதவு வழியாக மணிக்கு அதிகபட்சம் 660 பேர் என்றுதான் கணக்கில் கொள்ள வேண்டும் என்கிறது அது. நிமிடத்துக்கு 11 பேர். நம் 4 கதவுகளில் நிமிடத்துக்கு 44 பேர், 20 நிமிடத்தில் 880 பேர். கொஞ்சம் தாமதமானாலும் சமாளித்துவிடலாம் போலத் தோன்றுகிறது. ஆனால் கதவுக்கு முன்னால் சோதனை இருக்கிறதே. ஒருவரைச் சோதிக்க 15 வினாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஸ்டூவர்டு நிமிடத்துக்கு 4 பேரை அனுப்புவார். 6 பேர் சேர்ந்து 24 பேர். 20 நிமிடத்தில் 480. ஆட்டம் தொடங்கும் நேரத்தில் 520 பேர் வெளியே நிற்பார்கள். உள்ளே ஆரவாரம் கேட்கும். பின்னால் நிற்பவர் முன்னால் நகர்வார்.

ஸ்டூவர்டு கத்த ஆரம்பிப்பது அந்த இடத்தில்தான். கையை நீட்டித் தள்ளுவதும், ஒருவரைக் காலரைப் பிடித்து ஓரமாக இழுப்பதும் அந்த இடத்தில்தான். மறுநாள் செய்தியில் "வெளியூர் ரசிகர்கள் தள்ளுமுள்ளு" என்று வரும். ஆனால் தவறு 2:40-க்கு நடந்ததல்ல. ஒரு சுழல்கதவுக்கு ஏறக்குறைய 3 பேர் சோதனைக்கு வேண்டும் என்ற எளிய கணக்கை யாரோ ஒருவர் வாரத்தின் நடுவில் போடாமல் விட்டார். அதன் விலையை வாசலில் நிற்கும் ஸ்டூவர்டும் ரசிகரும் கொடுக்கிறார்கள்.

வெளியூர் ரசிகரைப் பற்றிப் பேசும்போது நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். அந்த மைதானத்தில் வழி தெரியாதவர் அவர்தான். எந்தப் படிவாசல் எந்தப் பிரிவுக்குப் போகிறது, கழிப்பறை எந்தப் பக்கம், அவசரம் என்றால் எந்தக் கதவு திறக்கும், எதுவும் அவருக்குத் தெரியாது. உள்ளூர் ரசிகர் பல ஆண்டுகளாக அதே இருக்கையில் உட்கார்ந்தவர். ஸ்டூவர்டே இல்லாவிட்டாலும் அவர் வீடு போய்ச் சேர்வார். ஆகவே இருப்பதிலேயே நிதானமான, இடம் தெரிந்த, வாய்ப்பேச்சில் கெட்டிக்காரரான ஸ்டூவர்டு, வெளியூர் ரசிகர்களுக்கு ஒதுக்கிய பகுதியான வெளியூர் மாடத்தில்தான் நிற்க வேண்டும். பல இடங்களில் நடப்பதோ வேறு. ஆளைப் பார்த்தாலே பயம் வர வேண்டும் என்று உடற்கட்டை வைத்து ஆள் போடுகிறார்கள். இல்லையென்றால் காலையில்தான் ஏஜென்சி அனுப்பிய புது முகங்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். கழிப்பறை எங்கே என்று ரசிகர் கேட்டால், "எனக்கும் இன்றுதான் முதல் நாள்" என்று பதில் வரும்.

இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக்கில் வெளியூர் அணிக்கு 3,000 இருக்கை, அல்லது மைதானக் கொள்ளளவில் 10 விழுக்காடு, இரண்டில் எது குறைவோ அது கிடைக்கும். எஃப்.ஏ. கோப்பை என்ற நாக்அவுட் போட்டியின் ஆட்டங்களில் 15 விழுக்காடு வரை போகும். 2016-17 பருவத்திலிருந்து பிரீமியர் லீக்கில் வெளியூர் டிக்கெட் விலைக்கு 30 பவுண்டு உச்சவரம்பு இருக்கிறது. ரசிகர் அமைப்புகள் பல ஆண்டுகள் போராடி வாங்கியது அது. டிக்கெட்டை மலிவாக்கிவிட்டு வாசலில் சந்தேகக் கண்ணோடு வரவேற்றால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

வாசலுக்கே திரும்புவோம். தள்ளுமுள்ளின் அழுத்தம் எப்போதும் பின்னாலிருந்துதான் வரும். முன்னால் என்ன நடக்கிறது என்பது பின்னால் நிற்பவருக்குத் தெரியாது. முன்வரிசையில் இருப்பவர்களைப் பார்த்து "தள்ளாதீர்கள்" என்று கத்துவதில் பயனே இல்லை, அவர்கள் தள்ளப்படுகிறவர்கள். ஒலிபெருக்கியோடு நல்ல ஸ்டூவர்டுகள் 2 பேர் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். அவர்கள் சொல்ல வேண்டிய செய்தி ஒன்றுதான்: ஆட்டம் 30 நிமிடம் தள்ளிப்போகிறது, எல்லோரையும் உள்ளே விட்ட பிறகுதான் தொடங்கும். அதைக் கேட்டதும் கூட்டத்தின் மூச்சே மாறும். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால், ஆட்டத்தைத் தள்ளிவைக்கும் முடிவைக் கட்டுப்பாட்டு அறை 2:40-க்கே எடுத்திருக்க வேண்டும். அதற்குப் பேருந்துகள் தாமதமாகின்றன என்ற தகவல் 2 மணிக்கே வந்திருக்க வேண்டும். விருந்தினர் அணி தன் சொந்த ஸ்டூவர்டுகள் சிலரைப் பேருந்தில் கூட அனுப்பும் பழக்கம் இதற்காகவே பொன்னானது. அவர்கள் வழியிலிருந்தே தொலைபேசியில் சொல்லிவிடலாம். இறங்கிய பிறகு, தன் ஊர் ரசிகர்களில் பலரை முகம் பார்த்தே தெரிந்தவர் ஒருவர் வாசலில் நிற்பார். அவர் சொல்லும் ஒரு வார்த்தை, உள்ளூர் ஸ்டூவர்டு சொல்லும் பத்து வார்த்தைக்குச் சமம்.

இந்தக் கணக்குகளெல்லாம் எழுத்தில் வந்ததற்குப் பின்னால் மரணங்கள் இருக்கின்றன. 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. இரண்டு அணி ரசிகர்களுமே அங்கே வெளியூர்க்காரர்கள். லெப்பிங்ஸ் லேன் பக்கத்தில், நின்று பார்க்கும் டிக்கெட் வாங்கிய 10,100 லிவர்பூல் ரசிகர்களுக்கு ஒதுக்கிய சுழல்கதவுகள் 7. இன்றைய 660 கணக்கை வைத்தால் மணிக்கு 4,620 பேர். எல்லோரும் உள்ளே போக 2 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். வாசலில் நெரிசல் முற்றியதும், 2:52-க்குப் போலீஸ் உத்தரவில் 'சி' வாயில் என்ற பெரிய கதவைத் திறந்தார்கள். உள்ளே நுழைந்தவர்களுக்கு நேர் எதிரே தெரிந்தது ஒரு சுரங்கவழி. அது ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடுக் கூண்டுகளுக்கு, அதாவது ரசிகர்கள் நின்று பார்க்கக் கம்பிவேலி போட்டுப் பிரித்த பகுதிகளுக்கு, போனது. பக்கவாட்டுக் கூண்டுகளில் இடம் இருந்தது. அந்தச் சுரங்கவழியின் வாயில் நின்று "இந்தப் பக்கம் போங்கள்" என்று கை காட்ட ஓர் ஆள்கூட இல்லை. 97 பேர் இறந்தார்கள். ரசிகர்களின் நடத்தை இதற்குக் காரணமல்ல என்றும், இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும் ஜூரிகள் தீர்ப்புச் சொன்னது 2016 ஏப்ரலில். இடையில் 27 ஆண்டுகள், பழி ரசிகர்களின் தலையில் கிடந்தது.

அன்று வேண்டியிருந்தது சுரங்கத்தின் வாயை அடைத்துக்கொண்டு நிற்க நாலு பேர், அவர்களுக்கு அந்த உத்தரவைக் கொடுக்க ஒரு குரல். வெளியூர் ரசிகருக்கு வழி காட்டுவது மரியாதைக்காகச் செய்யும் உபசாரம் என்று நினைப்பவர்கள் அந்தச் சுரங்கவழியை நினைத்துப் பார்க்க வேண்டும். அதே லெப்பிங்ஸ் லேன் பக்கத்தில் 2023 ஜனவரியில் நடந்த கோப்பை ஆட்டத்திலும் நெரிசல் என்று நியூகாசில் ரசிகர்கள் புகார் சொன்னார்கள். அதன் பிறகு அந்தப் பக்கத்தின் கொள்ளளவைக் குறைத்தார்கள்.

சரி, உடல் சோதனைக்கு வருகிறேன். ஸ்டூவர்டு போலீஸ் அல்ல. போலீஸுக்கு உள்ள தனி அதிகாரம் எதுவும் அவருக்குக் கிடையாது. மைதானத்தின் விதிகளில் சோதனைக்கு உட்பட வேண்டும் என்று இருக்கும், டிக்கெட் வாங்கும்போதே அதை ஏற்றுக்கொள்கிறோம். ஆனாலும் ரசிகர் சம்மதித்தால்தான் கை வைக்கலாம். மறுத்தால் உள்ளே விடாமல் இருக்கலாம், வலுக்கட்டாயமாகச் சோதிக்க முடியாது. ஆணை ஆண் ஸ்டூவர்டும் பெண்ணைப் பெண் ஸ்டூவர்டும் சோதிக்க வேண்டும். இங்கேதான் பல கிளப்புகள் சறுக்குகின்றன. வெளியூர்க் கூட்டம் என்றால் ஆண்கள்தான் என்ற பழைய நினைப்பில், 6 பேரில் 6 பேரையும் ஆண்களாகப் போட்டுவிடுகிறார்கள். பெண்களும் சிறுமிகளும் ஓரமாகக் காத்து நிற்கிறார்கள், ஆட்டம் தொடங்கிவிடுகிறது.

முறையான சோதனை எப்படி இருக்கும்? முதலில் ஒரு வணக்கம். பிறகு என்ன செய்யப்போகிறேன் என்று ஒரு வரி: "மேலங்கியைக் கொஞ்சம் திறக்க முடியுமா, பையில் இருப்பதை நீங்களே எடுத்துக் காட்டுங்கள்." ரசிகரின் பைக்குள் ஸ்டூவர்டு தன் கையை விடக்கூடாது. மருந்து, குழந்தைக்கான பால், இன்சுலின் ஊசி போன்றவற்றைப் பார்த்தால் மேற்பார்வையாளரிடம் கேட்க வேண்டுமே தவிரக் குப்பைத் தொட்டியைக் காட்டக்கூடாது. எதையாவது பறிமுதல் செய்தால் எங்கே, எப்போது திரும்பக் கிடைக்கும் என்று சொல்ல வேண்டும். பதாகை விஷயம் தனி. அளவு, வாசகம், தீப்பிடிக்காத துணி என்ற சான்று ஆகியவற்றை ரசிகர்கள் சில நாள் முன்பே கிளப்புக்கு எழுதி அனுமதி வாங்கியிருப்பார்கள். அந்த அனுமதிக் கடிதம் அலுவலகத்தில் இருக்கும், வாசலில் நிற்பவருக்குத் தெரியாது. வெளியூர் ரசிகர்களுக்கும் ஸ்டூவர்டுகளுக்கும் நடக்கும் அற்பச் சண்டைகள் பல இப்படி ஒரு தாள் கைமாறாததால் வருபவை.

உள்ளே வந்தாயிற்று. அடுத்த தலைவலி, நிற்பது. ஹில்ஸ்பரோ பேரழிவை விசாரித்த நீதிபதி டெய்லரின் அறிக்கையின் பேரில் மேல்நிலை லீக்குகளின் மைதானங்கள் முழுக்க இருக்கைகளாக மாறின. ஆனால் வெளியூர் ரசிகர்கள் 90 நிமிடமும் நின்றுதான் பார்ப்பார்கள்; அது யாருக்கும் தெரியாத ரகசியமல்ல. 2022-23 பருவத்திலிருந்து, இடுப்பளவுக் கம்பி வைத்த இருக்கைகளுக்கு உரிமம் பெற்ற மைதானங்களில் நிற்பதைச் சட்டமே ஏற்கிறது. அந்த உரிமம் வேண்டுமானால் உள்ளூர் ரசிகர்களுக்கு மட்டும் வைத்தால் போதாது, வெளியூர் பகுதியிலும் அந்த இடம் இருக்க வேண்டும். நல்ல விதி அது.

கம்பி இல்லாத பழைய மாடங்களில்தான் சிக்கல். 3,000 பேர் நிற்கும்போது ஒரு ஸ்டூவர்டு வரிசைக்குள் நுழைந்து, யாரோ ஒருவரின் தோளைத் தட்டி "உட்கார்" என்கிறார். ஏன் என்னை மட்டும் என்று அவர் கேட்கிறார். பதில் கிடையாது, ஏனென்றால் நியாயமான பதில் கிடையாது. ஐந்து நிமிடத்தில் அந்த வரிசை முழுவதும் ஸ்டூவர்டுக்கு எதிராகத் திரும்பிவிடும். உண்மையான ஆபத்து நிற்பதில் இல்லை. கோல் விழுந்த நொடியில் முன் இருக்கையின் முதுகின் மேல் ஆட்கள் விழுவதில் இருக்கிறது, நடைவழிகள் அடைபடுவதில் இருக்கிறது. ஸ்டூவர்டின் கவனம் அந்த இரண்டின் மேல்தான் இருக்க வேண்டும்.

நடைவழி அடைபடுவது எப்படி என்று கிட்டே போய்ப் பார்ப்போம். வெளியூர் மாடத்தில் பலர் தங்கள் டிக்கெட்டில் உள்ள இருக்கைக்குப் போக மாட்டார்கள், நண்பர்களோடு நடுப்பிரிவில் குவிவார்கள். ஆட்டம் தொடங்க 5 நிமிடம் இருக்கும்போது ஒரு அப்பா, கையில் 8 வயது மகளோடு, தன் வரிசைக்கு வருகிறார். அங்கே வேறு ஆட்கள். படியில் நிற்கிறார். ஸ்டூவர்டு அவரைப் பார்த்து "படியில் நிற்காதீர்கள்" என்கிறார். எங்கே போவார்? அந்த நேரத்தில் செய்ய ஒன்றே ஒன்றுதான் மிச்சம்: ஓரத்தில் காலியாக இருக்கும் இருக்கைகளுக்குக் கூடவே நடந்து கொண்டுபோய் உட்காரவைப்பது. முன்கூட்டியே செய்திருக்க வேண்டியது வேறு. கதவு திறந்த முதல் அரை மணி நேரத்தில், மாடம் காலியாக இருக்கும்போதே, படிவாசலில் டிக்கெட் பார்த்துப் பிரிவு பிரிவாக அனுப்பியிருக்க வேண்டும். நிரம்பிய பிறகு எந்த ஸ்டூவர்டாலும் அதைச் சரிசெய்ய முடியாது. நடமாடும் ஸ்டூவர்டுகளுக்குப் பச்சை வழிகாட்டி சொல்லும் தொடக்கக் கணக்கு 250 பேருக்கு ஒருவர். வெளியூர் மாடத்துக்கு அது போதாது என்பது என் கருத்து. எண்ணிக்கையைவிட முக்கியம், அவர்களில் எத்தனை பேர் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தைப் பார்த்து நிற்கிறார்கள் என்பது.

ஸ்டூவர்டுகளில் பலர் அந்த ஊர்க்காரர்கள், அந்த அணியின் ரசிகர்கள். அதில் குற்றமில்லை. ஆனால் உள்ளூர் அணி கோல் போட்டதும் மஞ்சள் மேலங்கியோடு கையை உயர்த்திக் குதித்தால், அந்த மாடத்தில் அன்று அவர் பேச்சு எடுபடாது. இரு தரப்பு ரசிகர்களுக்கும் நடுவே இருக்கைகளைத் துணி போட்டு மூடி ஒரு காலி இடைவெளி விட்டிருப்பார்கள். அங்கே நிற்பவர்களும் இரண்டு வரிசையாக, முதுகோடு முதுகாக நிற்க வேண்டும். எல்லோரும் வெளியூர்ப் பக்கமே முகம் காட்டி நின்றால், நாணயத்தைச் சுழற்றி எறியும் உள்ளூர்க்காரர் யார் கண்ணிலும் படமாட்டார். எறிந்ததற்குப் பதில் சொல்ல எழுந்தவர்தான் மாட்டிக்கொள்வார்.

வெளியேற்றம். இதில்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். உள்ளூர் ரசிகரை வெளியேற்றினால் அவர் கோபத்தோடு வீட்டுக்கு நடந்து போவார். வெளியூர் ரசிகரை வெளியேற்றினால், 200 மைல் தள்ளி, தெரியாத ஊரின் தெருவில், தன் நிறச் சட்டையோடு தனியாக நிற்பார். ஆகவே படிப்படியாகப் போக வேண்டும். முதலில் ஒருவர் பேச வேண்டும், சத்தமில்லாமல், முடிந்தால் அவருடைய நண்பர் வழியாக. பிறகு தெளிவான ஓர் எச்சரிக்கை. அதன் பின் மேற்பார்வையாளர். வெளியேற்ற வேண்டும் என்ற முடிவு எடுத்தால், அதற்கென்று பயிற்சி பெற்ற குழு வரவேண்டும். கோல் விழுந்த கொந்தளிப்பில் போகாமல், இடைவேளைக்கோ அவர் கழிப்பறைப் பக்கம் வரும் நேரத்துக்கோ காத்திருப்பது பல நேரம் புத்திசாலித்தனம். வரிசை, இருக்கை, நேரம் மூன்றையும் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிக் கேமராவில் பதிவாக்கிவிட்டால், அந்த நொடியே பாய வேண்டிய அவசியமே இல்லை. பேரழிவில் இறந்தவர்களைக் கேலி செய்து பாடுகிறவர்களைப் பிடிக்கவும் இதுவே நல்ல வழி.

வெளியே கொண்டுபோனதும் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. மேலங்கி, மருந்து, தொலைபேசி உங்களிடம் இருக்கிறதா? உள்ளே உங்கள் பொறுப்பில் குழந்தை இருக்கிறதா? எந்தப் பேருந்தில் வந்தீர்கள்? உடன் வந்தவருக்கு யார் சொல்வது? எந்தக் கதவு வழியாக விடுகிறோம் என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். உள்ளூர் ரசிகர்களின் மதுக்கடைக்கு எதிரே திறக்கும் கதவு வழியாக ஒருவரைத் தள்ளிவிட்டுத் தாழ்ப்பாள் போடுவது பாதுகாப்புப் பணி அல்ல. காரணம், நேரம், ஸ்டூவர்டின் எண் எல்லாம் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும்.

சட்டத்தின் விசித்திரம் ஒன்று. கிளப்பே நேரடியாக வேலைக்கு வைத்த ஸ்டூவர்டுகளுக்குத் தனியார் பாதுகாவலர் உரிமம் தேவையில்லை என்று 2006-இல் விலக்கு வந்தது. அதே வேலையைச் செய்ய ஏஜென்சி அனுப்பும் ஆளுக்கு உரிமம் வேண்டும். உரிமம் இருக்கிறது என்பதற்காக அவருக்கு அந்த மைதானம் தெரியும் என்று ஆகாது. ஆட்டத்துக்கு முந்தைய விளக்கக் கூட்டத்தில் அரைமணி நேரம் அவரை வெளியூர் மாடம் முழுக்க நடக்கவைத்துக் காட்டினால், அந்த நாளின் பாதிப் பிரச்சினை தீரும்.

சக்கர நாற்காலியில் வரும் வெளியூர் ரசிகர்களைச் சில பழைய மைதானங்களில் உள்ளூர் ரசிகர்களின் நடுவே உட்காரவைக்கிறார்கள். இடமில்லை என்கிறார்கள். தன் அணி கோல் போட்டால் கைதட்டக்கூட அஞ்சி உட்கார்ந்திருக்க வேண்டும். ஸ்டூவர்டு ஒருவர் பக்கத்திலேயே நின்றால் ஓரளவு தைரியம். ஆனால் இதைத் தீர்க்க வேண்டியவர் ஸ்டூவர்டு அல்ல, கிளப்.

ஆட்டம் முடிந்தது. சில நேரம் வெளியூர் ரசிகர்களை 15, 20 நிமிடம் உள்ளேயே நிறுத்திவைப்பார்கள். காரணம் சொல்லி, எவ்வளவு நேரம் என்று சொல்லி, கழிப்பறைகளையும் கடைகளையும் திறந்து வைத்தால் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வார்கள். ஒன்றும் சொல்லாமல் கைகோத்து மறித்து நின்றால், ரயிலைத் தவறவிடப்போகும் ஆயிரம் பேர் படிவாசலில் வந்து நெருக்குவார்கள். நிறுத்திவைத்தாலும் கதவைப் பூட்டக்கூடாது. 1985 மே 11 அன்று பிராட்ஃபோர்டில் மாடம் தீப்பிடித்தபோது, பின்பக்கம் ஓடியவர்கள் பூட்டிய கதவுகளில் மோதினார்கள். 56 பேர் இறந்தார்கள். மக்கள் உள்ளே இருக்கும்வரை ஒவ்வொரு வெளியேறும் கதவிலும் ஓர் ஆள் நிற்க வேண்டும், உடனே திறக்க முடிய வேண்டும் என்று இன்று கறாராக இருப்பது அதனால்தான். அந்தக் கதவில் நிற்பவர் கடைசி 5 நிமிட ஆட்டம் பார்க்க இரண்டு படி ஏறினாலும் அது கடமை தவறுதல்.

மோசமாக நடத்தப்பட்ட ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கேயே வாதாடாதீர்கள். மேலங்கியின் முதுகில் இருக்கும் எண், வாயில் எண், பிரிவு, வரிசை, மணி, நிமிடம் எல்லாவற்றையும் தொலைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். கேமராப் பதிவுகளை அதிக நாள் வைத்திருக்க மாட்டார்கள், அதனால் ஓரிரு நாளில் எழுதிவிடுங்கள். உங்கள் அணியின் ரசிகர் தொடர்பு அலுவலருக்கும் அந்த மைதானத்தின் கிளப்புக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்புங்கள். கால்பந்து ரசிகர் சங்கம் இத்தகைய புகார்களுக்குத் துணை நிற்கும். மாற்றுத்திறனாளி ரசிகர்களுக்கு லெவல் பிளேயிங் ஃபீல்டு என்ற அமைப்பு இருக்கிறது. நன்றாக நடத்திய ஸ்டூவர்டின் எண்ணையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த முறையும் அவரை அதே வாசலில் போட அது உதவும்.

மாடம் காலியானதும் ஸ்டூவர்டுகள் இருவர் இருவராக மேல் வரிசையிலிருந்து கீழே இறங்கி, இருக்கைகளுக்கு அடியிலும், பிறகு ஒவ்வொரு கழிப்பறையின் ஒவ்வொரு கதவையும் தட்டிப் பார்த்து வருவார்கள். உடல்நிலை சரியில்லாமல் உள்ளே உட்கார்ந்துவிட்ட முதியவர் ஒருவர் இருக்கலாம், அப்பாவைத் தவறவிட்ட பிள்ளை இருக்கலாம். பேருந்துகளின் பக்கம் நிற்பவர் ஆள் கணக்கு சரி என்று வாக்கி டாக்கியில் சொன்ன பிறகுதான் வெளியூர் மாடம் காலி என்ற செய்தி கட்டுப்பாட்டு அறைக்குப் போகும்.

நன்றி, வணக்கம்.